கர்னலின் வெயில்

"முப்பது வருஷ சர்வீஸ். நம்மள அடக்கி ஆண்டவங்க நாட்லேர்ந்து வந்த ஒருத்தனைக்கூட நான் நிழல்ல நிக்க விட்டதில்ல!"

கோட்டை முற்றத்தில் நின்று இப்படி முழங்குபவர் ராணுவத் தளபதியல்ல, சுற்றுலா வழிகாட்டி. கூட வேலை செய்பவர்கள் 'கர்னல்' என்று பட்டம் சூட்டியிருக்கிறார்கள்.

மற்ற நாட்டவரை மரத்தடியில் உட்காரவைப்பார். நம்மை ஆண்ட நாட்டவர் மட்டும் குண்டு துளைத்த மதிலுக்கு முன்னால் நிற்க வேண்டும். பிறகு அவர்கள் பாஷையிலேயே, அவசரமே இல்லாமல் ஆரம்பிப்பார்: வரி கொடுக்க மறுத்த ஊரைச் சிப்பாய்கள் இதே முற்றத்தில் அடைத்தது, தலைவர்களைக் காட்டிக்கொடுக்கும்வரை தண்ணீர் கிடையாது என்றது, யாரும் வாய் திறக்காததால் சுட்டது, மறுநாள் வீடுகளைக் கொளுத்தி, கிணறுகளில் கல்லைக் கொட்டிவிட்டு, 'அமைதி திரும்பியது' என்று தலைநகருக்குத் தந்தியடித்தது. மொத்தம் நாற்பது நிமிஷம். மேகம் மறைத்தால், அது விலகும்வரை கதை நீளும்.

"அவங்க தாத்தன் செஞ்சதுக்கு இவங்க என்னண்ணே பண்ணுவாங்க?" என்பாள் டிக்கெட் கொடுக்கும் பெண்.

"செத்தவங்க மட்டும் என்னம்மா பண்ணாங்க?"

"சரி, உங்க பொண்ணு அவங்க ஊர்லதானே நர்ஸா இருக்கு?"

"அது வேற, இது வேற."

இரண்டையும் வேறுவேறாக வைத்திருக்க அவர் படும் பாடு கொஞ்சமல்ல. மகள் போய் நாலு வருஷம். ஒவ்வொரு வருஷமும் "அடுத்த வருஷம் கண்டிப்பா வரேம்பா" என்கிறாள். சிப்பாய்கள் குறிபார்க்கும் கட்டத்தில் அவள் போன் வந்தால், சிப்பாய்கள் துப்பாக்கியை நீட்டியபடி காத்திருக்க வேண்டியதுதான். "ஒரே குளிருப்பா இங்க" என்று அவள் சொன்னால், கொதிக்கும் வெயிலில் கர்னல் சட்டைக் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொள்வார்.

போன வாரம் ஆண்ட நாட்டிலிருந்து ஒரு கிழவி தனியாக வந்தாள். மதிலோரம் நிறுத்திக் கதையை ஆரம்பித்து, நடுவில் வழக்கம்போல எந்த ஊர் என்று விசாரித்தார். சொன்னாள். மகள் இருக்கும் ஊர்.

கதை தண்ணீர் மறுத்த இடத்தில் நின்றுபோனது.

"அங்க பெரிய ஆஸ்பத்திரி ஒண்ணு இருக்கே, தெரியுமா?" என்று அவள் பாஷையில் கேட்டார்.

அதற்கு எதிர்வீடுதான் தன்னுடையது என்றாள் கிழவி. விடிகாலையில் நர்ஸுகள் பஸ்ஸுக்கு நிற்பதை ஜன்னலிலிருந்து தினமும் பார்ப்பாளாம்.

"நல்லா போத்திக்கிட்டு நிக்கறாங்களா?"

கிழவி நெற்றிக்கு மேல் கையை வைத்து, கண்ணைச் சுருக்கி யோசித்தாள். கர்னல் பதிலுக்குக் காத்தபடி இரண்டடி நகர்ந்து, சூரியனுக்கும் அவளுக்கும் நடுவே நின்றுகொண்டார்.