ஏழாங்கட்டைக் கடலில் திமிங்கிலம் பார்த்தது

சனிக்கிழமை, காலை ஆறு மணி. லாபுப் பக்கம் எங்கள் ரப்பர்த் தோட்டத்து கேட் திறப்பதற்கு முன்பே நானும் என் வீட்டுக்காரரும் நல்ல துணி உடுத்திக்கொண்டு வந்து நின்றுவிட்டோம். அது, காட்டில் ஒளிந்திருந்த கலகக்காரர்களை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. காலை ஆறுக்குத் திறப்பார்கள், மாலை ஆறுக்கு அடைப்பார்கள். வெளியே ஓர் இரவு தங்க வேண்டுமென்றால் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியிடம் சீட்டு வாங்க வேண்டும்.

"எதுக்குப் போறீங்க?" என்று முந்தின நாள் கிராணி கேட்டார்.

"போர்ட் டிக்சன்ல திமிங்கிலம் பாக்க" என்றேன்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு 'உறவினர் வீடு' என்று எழுதிக் கொடுத்தார்.

ஏன் போனோம் என்று சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் பன்னிரண்டு வயதில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர். வரும் வழியில் திமிங்கிலம் பார்த்தாராம். இரண்டு லயம் சேர்ந்த நீளமாம், தென்னை மர உயரத்துக்குத் தண்ணீர் பீச்சியதாம். இதை இருபது வருடமாகக் கள்ளுக்கடையிலும் கல்யாண வீட்டிலும் சொல்லிச் சொல்லி, தோட்டமே அவருக்குத் திமிங்கிலம் என்று பேர் வைத்துவிட்டது. காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் பேர் கூப்பிடும்போது, எங்களை வேலை வாங்குகிற மண்டோர் பெருமாள் அந்தப் பேரைத்தான் கூப்பிடுவார். நான் திமிங்கிலத்துப் பொண்டாட்டி. என் வாளியில் ரப்பர்ப் பால் குறைந்ததென்று எவரும் சொன்னதில்லை. எனக்கு ஏன் இந்தப் பேர்?

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மண்டோர் எல்லார் முன்னாலும் சொன்னார்: "அடுத்த ஞாயித்துக்கெழம சாயங்காலம் முனியாண்டி கோயில்ல கற்பூரம் அடிச்சு, பாத்தேன்னு சத்தியம் பண்ணு. அன்னையிலேருந்து ஒன் சொந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடுறேன்."

இவரும் "சரி" என்றுவிட்டார். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துப் பொய் சொன்னவனுக்குக் கண் போய்விடும் என்பது எங்கள் நம்பிக்கை. எனக்கும் அந்த நம்பிக்கை உண்டு. அன்றிலிருந்து இவருக்குச் சோறு பாதிதான் இறங்கியது. சின்ன வயதில் பார்த்தது, மறந்திருக்குமோ என்று பயப்படுகிறார் என நினைத்துக்கொண்டேன். அந்தச் சமயம் பார்த்து, போர்ட் டிக்சனில் ரோட்டு வேலை செய்யும் என் அண்ணன்முறை வீராசாமி, கலங்கரை விளக்குப் பக்கம் திமிங்கிலம் வருகிறது என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். "இன்னொரு தடவ பாத்துட்டு வந்து தெம்பா அடிங்க" என்று இவரைக் கிளப்பினேன்.

கேட்டில் பெண்களைச் சோதனை போடுகிற லட்சுமி என் பையைத் திறந்தாள்.

"என்னாக்கா இது?"

"புளிச்சோறு."

"வெளிய ஒரு பருக்கை போகக் கூடாதுன்னு தெரியாதா லா?"

தெரியும். வெளியே போகிற சோறு காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குப் போய்விடும் என்று சட்டம். ஆனால் பயணம் என்றாலே விடியற்காலையில் எழுந்து கை தானாகப் புளி கரைத்துவிடுகிறது. கொட்டு, இல்லாவிட்டால் தின்னு என்றாள். நான் சோற்றைக் கொட்டியதில்லை. வேலி ஓரமாக உட்கார்ந்து இரண்டு வேளைச் சோற்றையும் இரண்டு பேரும் தின்று தீர்த்தோம். காவலுக்கு நின்றவன், "நல்லாச் சாப்பிடுங்க, திமிங்கிலத்துக்கு மிச்சம் வச்சிடாதீங்க" என்றான்.

ஏழரைக்குத் தோட்டத்து லாரியில் சிரம்பான் போனோம். அங்கிருந்து போர்ட் டிக்சனுக்கு பஸ்ஸில் இருபது கட்டை, அதாவது இருபது மைல், ஆளுக்குத் தொண்ணூறு காசு. மம்பாவ் தாண்டியதும் பட்டாளத்துக்காரர்கள் எல்லாரையும் இறக்கி அடையாளக் கார்டு பார்த்தார்கள். மறுபடி ஏறும்போது பஸ்காரர் நம் தமிழ் ஆள் என்று தெரிந்தது.

"எங்கம்மா, கோயிலுக்கா?" என்றார்.

"திமிங்கிலம் பாக்க."

"அதுக்கு என்னா டிக்கெட்டு?"

"டிக்கெட்டு ஏது? சும்மாதான்."

"சும்மான்னா வராது லா!"

பஸ்ஸே சிரித்தது. இவர் மட்டும் சிரிக்கவில்லை.

லுக்குட்டில் கடைகளெல்லாம் தோட்டத்து ஜனமாக இருந்தது. அதைத் தாண்டியதும் காற்று உப்புக் கரித்தது. போர்ட் டிக்சனில் இறங்கி வேறு பஸ் மாறி, கடலை ஒட்டியே போய் ஏழாங்கட்டையில் இறங்கினோம். ரப்பர்க் காட்டில் பத்து மரத்துக்கு அப்பால் கண் போகாது. இங்கே எவ்வளவு தூரம் பார்த்தாலும் தடுப்பதற்கு ஒன்றுமில்லை, எனக்குக் கண் வலித்தது. இவரோ கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அன்று சாயங்காலம் வரை கரையில் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. வீராசாமி அண்ணன் வீட்டில் மீன் குழம்பு. இவர் ரசம் மட்டும் குடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை. நன்றாக வெளுக்காமல் படகு எடுக்கக் கூடாது என்பது அங்கே உத்தரவு. ஆறே முக்காலுக்கு ஏறினோம். படகு பாக் மான் என்கிற மலாய்க்காரருடையது. சின்ன மோட்டார் வைத்த படகு, இரண்டு பேருக்கும் சேர்த்துக் கூலி மூன்று வெள்ளி, அதாவது மூன்று டாலர். எனக்குத் தெரிந்த சந்தை மலாயில் "பாவுஸ் வருமா?" என்று கேட்டேன். திமிங்கிலத்துக்கு அவர்கள் பாஷையில் பாவுஸ். "அதுக்கு விருப்பம் இருந்தா வரும் அம்மா" என்றார்.

கலங்கரை விளக்கு மலை மேலே வெள்ளையாகத் தெரிந்தது. மோட்டாரை நிறுத்தினார். படகு தொட்டில் மாதிரி ஆடியது. எனக்கு ஒன்றும் செய்யவில்லை. இவர் படகு விளிம்பில் தொங்கிக்கொண்டு வாந்தி எடுத்தார். எடுத்து முடித்துவிட்டு அடியில் குப்புறப் படுத்துக்கொண்டார்.

"கப்பல்ல ஏழு நாளு வந்தவருக்கு இதெல்லாமா?" என்றேன்.

படுத்தபடியே சொன்னார்: "கப்பல்லயும் இப்பிடித்தான் புள்ள. ஏழு நாளும் தலயே தூக்கல."

"அப்ப திமிங்கிலம்?"

"பக்கத்துல படுத்திருந்தவன் மேல்தட்டுக்குப் போயி பாத்துட்டு வந்து சொன்னான்."

சாயங்காலம் கற்பூரம். "அட பாவி மனுசா! கண்ணு போயிடுமே! எதுக்குச் சரின்னு தலயாட்டினீங்க?" என்று கத்தினேன். பாக் மானுக்குப் பாஷை புரியவில்லை. புருஷன் பெண்டாட்டி சண்டை என்பது புரிந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எட்டு மணி இருக்கும். பின்பக்கம், டீத்தண்ணிக் கெண்டி கொதித்து மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம். பாக் மான் கையை நீட்டினார். கறுப்பாக, வழவழவென்று ஒரு முதுகு மேலே வந்து உருண்டது. அதன் மேல் மீனுக்கு இருப்பது போல் வளைந்த சின்னச் செட்டை. எங்கள் படகைப் போல் மூன்று படகு நீளம் இருக்கலாம். புகை மாதிரி கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான். நாற்றம் வேறு, அழுகிய மீன் நாற்றம். உள்ளே போய்விட்டது.

நான் பார்த்து என்ன பிரயோசனம்? பார்க்க வேண்டிய ஆள் கீழே குப்புறக் கிடக்கிறார்.

"எழுந்திரிங்க!"

"முடியல புள்ள, விட்டுடு."

"மறுபடி வரும்" என்று பாக் மான் விரலைக் காட்டினார். நான் இவர் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து விளிம்புக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டேன். புருஷன் தலைமுடியைப் பிடிப்பது தப்புத்தான். கண் போவது அதைவிடப் பெரிய தப்பு. எவ்வளவு நேரம் அப்படிப் பிடித்திருந்தேனோ, கை மரத்துப் போனது. மறுபடி அந்த மூச்சு. முதுகு வந்தது, செட்டை வந்தது, உருண்டது.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றார்.

பத்து மணிக்குக் கரை ஏறினோம். மதியம் பஸ் பிடித்து சிரம்பான், அங்கிருந்து லாபு, தோட்டத்து கேட்டுக்கு வரும்போது நாலரை. வழியெல்லாம் இவருக்குப் பாடம் சொல்லிக்கொண்டு வந்தேன்: "திமிங்கிலத்தப் பாத்தேன்னு மட்டும் சொல்லுங்க. எப்ப, எங்கன்னு அவங்க கேக்கல. நீங்களும் சொல்ல வேணாம். அது பொய்யாவாது." இவர் தலையை ஆட்டினார்.

முனியாண்டி கோயில் முன்னால் லயத்து ஜனம் பாதி கூடியிருந்தது. மண்டோர் கற்பூரத்தைக் கொளுத்தினார். இவர் உள்ளங்கையை ஓங்கி அடித்து அணைத்தார். பிறகு வாயைத் திறந்தார்.

"கப்பல்ல நான் பாக்கல. வேற ஒருத்தன் பாத்துச் சொன்னத இத்தன வருசமா நான் பாத்ததா சொன்னேன். இன்னிக்கிக் காலையிலதான் பாத்தேன். இவ முடியப் புடிச்சுக் காட்டுனா."

நான் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன். ஜனம் சிரித்த சிரிப்பில் கேட்டில் நின்ற காவல்காரன் எட்டிப் பார்த்தான். இனி இந்தத் தோட்டத்தில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது என்று நினைத்தேன். மண்டோர் மட்டும் சிரிக்கவில்லை.

"ரெண்டு லயம் நீளமாப்பா?" என்று கேட்டார்.

"இல்லங்க. மூணு படகு. முதுகு மட்டுந்தான் பாத்தேன்."

"தென்ன மர உசரத்துக்குத் தண்ணி?"

"ஒரு ஆள் உசரம் இருக்கும். நாத்தம் தாங்கல."

"நாத்தமா! எப்பிடி நாறுச்சு?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். பெண்கள் முன்னால் நகர்ந்து வந்தார்கள். இருபது வருடமாக அந்தக் கதைக்கு இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை. இவர் அவசரமில்லாமல் பதில் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றார். நானும் முகத்திலிருந்து தலைப்பை எடுத்துவிட்டு, செட்டை எப்படி வளைந்திருந்தது என்று கையால் காட்டினேன்.

"அப்பறம் அது எந்தப் பக்கமாப் போச்சு?" என்றார் மண்டோர்.

"தெரியாதுங்க," என்றார் என் வீட்டுக்காரர். "எனக்கு மறுபடியும் வாந்தி வந்துடுச்சு."

அதை எல்லாரும் அப்படியே நம்பினார்கள்.