சொந்தக்காரர் இல்லாத ஊர்களில் ஓடுபவர்

வசந்தமலர் ஓடுகிறார் என்று சொல்வதைவிட, ஓட்டத்துக்கும் நடைக்கும் நடுவில் சமாதானமாகப் போய்க்கொண்டிருக்கிறார் என்று சொல்வதுதான் பொருத்தம். சனிக்கிழமை காலை, லண்டன் எட்மண்டனில் லீ ஆற்றை ஒட்டிய பாதை. சைக்கிள்காரர்கள் மணியடித்துவிட்டு விலகிப் போகிறார்கள். காதில் பாட்டுடன் இளம் பெண்கள் தாண்டிப் போகிறார்கள். குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடும் ஒரு தகப்பன்கூட அவரை முந்திவிட்டார். எவர்மேலும் அவருக்குக் கோபமில்லை. படகு வீட்டின் கூரையில் ஒருவர் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதைக் கண்டதும் நின்றுவிடுகிறார். காய் பிடித்ததா, பூச்சி விழுந்ததா என்ற விசாரணை முடிந்த பிறகுதான் கால் மறுபடி நகர்கிறது. "அவசரமா ஓடினால் ஒண்டும் தெரியாது, பாருங்கோ" என்பார் கேட்பவர்களிடம்.

வயது ஐம்பத்தேழு. கட்டையான உருவம், வெயிலுக்கும் மழைக்கும் ஒரே தொப்பி. கைக்கடிகாரம் கட்டுவதில்லை. பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த ஓட்டக் கடிகாரம் ஒன்று வீட்டில் இருக்கிறது. வேகம் குறைகிறது, வேகம் குறைகிறது என்று அது மணிக்கட்டில் துடித்துக்கொண்டே இருந்ததாம். "வேலையிலயும் ஆரோ சொல்லினம், வீட்டிலயும் ஆரோ சொல்லினம். காசு குடுத்து வாங்கின சாமானும் எனக்குச் சொல்லவேணுமே?" என்று கழற்றிக் கணவரிடம் கொடுத்துவிட்டார். கணவர் இராசரத்தினம் அதைக் கட்டிக்கொண்டு சோபாவில் இருந்து தொலைக்காட்சி பார்க்கிறார். எழுந்து நடக்கச் சொல்லி அது அவருக்கும் அடிக்கடி துடிக்கும். அவர் அதை ஒரு பொருட்டாக எடுப்பதில்லை.

வருடத்துக்கு ஒரு தடவை வசந்தமலர் விமானம் ஏறி வேற்று நாட்டு ஊர் ஒன்றுக்குப் போய் அரை மரதன் ஓடிவிட்டு வருவார். இருபத்தொரு கிலோமீற்றர். "ஓடுறதுக்கு ஏன் பிளேன் ஏறவேணும்? வாசலில றோட்டு இல்லையே?" என்பது இராசரத்தினத்தின் நிரந்தரக் கேள்வி. அவர் கூடப் போவதில்லை. விமான நிலையத்தில் இறக்கிவிட்டு, திரும்பி வரும்போது ஏற்றிக்கொள்வதுடன் அவருடைய பங்கு முடிந்துவிடும்.

ஊரைத் தெரிவுசெய்வதற்கு வசந்தமலரிடம் ஒரேயொரு நிபந்தனை உண்டு. மற்ற ஓட்டக்காரர்கள் மேடு பார்ப்பார்கள், காற்றுப் பார்ப்பார்கள், எங்கே ஓடினால் தங்கள் பழைய நேரத்தை முறியடிக்கலாம் என்று கணக்குப் பார்ப்பார்கள். இவர் பார்ப்பது, அந்த ஊரில் சொந்தக்காரர் எவராவது இருக்கிறாரா என்பதை மட்டும்தான். இருந்தால் அந்த ஊர் வேண்டாம். யாழ்ப்பாணத்துப் பெண்ணொருத்திக்கு ஐரோப்பாவில் அப்படியோர் ஊர் கிடைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. பாரிசில் மச்சாள். சூரிச்சில் சித்தப்பா. ஸ்ருட்காட்டில் கணவரின் தமக்கை. டென்மார்க்கில் ஒரு சின்னப் பட்டணத்தைக் கண்டுபிடித்து மகிழ்ந்திருந்தபோது, அங்கே தன்னோடு படித்தவளின் தங்கை பேக்கரி நடத்துகிறாள் என்று தெரியவந்து கைவிட்டார்.

இந்த வைராக்கியம் ஒஸ்லோவில் பிறந்தது. முதன்முதல் ஓடப்போன வெளிநாட்டு ஊர் அது. பெரியம்மாவின் மகன் வீட்டில் தங்கினார். முதல் நாள் இரவு ஆட்டிறைச்சியும் இடியப்பமும். போதும் என்று கையை மறித்தால் கைக்கு மேலால் குழம்பை ஊற்றினார்கள். விடியற்காலையில், வெறும் வயிற்றோடு ஓடக்கூடாது என்று புட்டு. ஓட்டப் பாதையின் நடுவில் குடும்பம் முழுவதும் தேநீர்ப் போத்தலோடு நின்று வழிமறித்துப் படம் எடுத்தது. ஓடி முடித்த கால்களோடு அன்று மாலை ஓர் அறுபதாவது பிறந்தநாள் விழாவில் நான்கு மணித்தியாலம் நிற்க வேண்டியதாயிற்று. அவ்வளவும் செய்தும், "அவை வீட்டை போனவ, எங்கட வீட்டை எட்டிப் பாக்கேல்லை" என்று அங்குள்ள இன்னொரு குடும்பம் இன்றுவரை கதைப்பதில்லை.

அதன் பிறகுதான் றீகா, லியுப்லியானா, போர்த்தோ. றீகாவில் ஓட்டத்தின் நடுவே ஒரு தேவாலயத்துக்குள் நுழைந்து, யாரோ ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்து முடியும்வரை பின்வரிசையில் இருந்தார். லியுப்லியானாவில் பாலத்தருகே அக்கோடியன் வாசித்த கிழவரிடம் இன்னொரு பாட்டுக் கேட்டு வாங்கினார். போர்த்தோவில் வீட்டு வாசலில் கதிரை போட்டிருந்த ஒரு பெண்மணி நீட்டிய வைனை ஒரு மிடறு குடித்தார். இதை இராசரத்தினத்திடம் சொல்லவில்லை. ஓடி முடித்தவர்களுக்குக் கொடுக்கும் பதக்கத்தை மட்டும் விடமாட்டார். ஓட முடியாமல் நின்றவர்களை ஏற்றிக்கொண்டு கடைசியில் ஒரு வண்டி வருமே, அது தனக்குப் பின்னால் வந்தால் போதும் என்பதுதான் அவருடைய வேகம்.

"அங்க நான் ஆரோ ஒரு பொம்பிளை" என்பார். "ஆர்ர பெஞ்சாதி, எந்த ஊர், பிள்ளையள் என்ன படிச்சவை, மகளுக்கு ஏன் இன்னும் கலியாணம் சரிவரேல்லை எண்டு ஒருத்தரும் கேக்கமாட்டினம். தண்ணி குடுப்பினம், கை தட்டுவினம். அவ்வளவுதான்." சொல்லும்போது அவர் முகத்தில் உண்மையாகவே ஒரு சந்தோசம் இருக்கும்.

இந்த வருடம் லித்துவேனியாவில் கௌனாஸ் என்ற ஆற்றங்கரை நகரம். எல்லாப் பக்கமும் விசாரித்துப் பார்த்துவிட்டுத்தான் விமானச் சீட்டு எடுத்தார். ஒன்றை மறந்துவிட்டார். இங்கே மருத்துவத்துக்கு இடம் கிடைக்காத பிள்ளைகளை இப்போது நம்மவர்கள் கிழக்கு ஐரோப்பாவுக்கு அனுப்புகிறார்கள். செத்தவீட்டு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி ஒன்றில் இராசரத்தினம் பொழுதுபோகாமல், மனைவி கௌனாஸுக்குப் போகும் கதையை எடுத்தார். எதிர்க் கதிரையில் இருந்தவர் இல்ஃபோர்ட் நித்தியானந்தன். வசந்தமலரின் தாயும் அவருடைய தாயும் ஒன்றுவிட்ட சகோதரிகள். ஆகவே வசந்தமலருக்கு அண்ணன் முறை.

மறுநாளே தொலைபேசி வந்தது. "தங்கச்சி, கடவுள்தான் உம்மை அங்க அனுப்புறார்! எங்கட கம்சிகா அங்கதானே டொக்டருக்குப் படிக்கிறாள். கொஞ்சச் சாமான் தாறன், கொண்டுபோய்க் குடும். பிள்ளை எப்பிடி இருக்கிறாள் எண்டும் ஒருக்காப் பாத்துக்கொண்டு வாரும்."

மாட்டேன் என்று சொல்ல முடியுமா? கொஞ்சச் சாமான் ஒரு முதுகுப்பை நிறைய வந்தது. வறுத்து அரைத்த தூள், பருத்தித்துறை வடை, எள்ளுருண்டை. இவற்றோடு பட்டுத்துணியில் சுற்றி ஒரு ஸ்ரெதஸ்கோப். பிள்ளைக்கு அப்பாவின் பரிசு. அந்த வாரம் முழுவதும் வசந்தமலர் வீட்டில் எவரோடும் சிரித்துக் கதைக்கவில்லை. வருடத்தில் கிடைக்கிற ஒரேயொரு சனி ஞாயிறும் பறிபோய்விட்டதே என்ற எரிச்சல்.

கௌனாஸில் இறங்கியதும் கம்சிகாவிடமிருந்து கைபேசியில் ஒரு செய்தி வந்தது. அறைக்கு வரவேண்டாமாம். பன்னிரண்டாவது கிலோமீற்றரில் தண்ணீர் கொடுக்கும் மேசையில் நிற்பாளாம், அங்கே சந்திக்கலாமாம். ஆகவே அரை மரதனில் வசந்தமலர் அந்தப் பையை முதுகில் கட்டிக்கொண்டு ஓடினார். ஜூன் மாதத்து வெயில் ஏற ஏறத் தூள் மணக்கத் தொடங்கியது. பின்னால் வந்த ஒருவர் இரண்டு தும்மல் போட்டுவிட்டு முந்திப் போனார்.

தண்ணீர் மேசைக்குப் பக்கத்தில் ஒரு கன்றுக்குட்டி கட்டியிருந்தது. பச்சை மேலங்கியும் றப்பர் சப்பாத்துமாகப் பத்துப் பதினைந்து மாணவர்கள். அவர்களுக்குள்ளிருந்து, தலைமயிரைக் கழுத்தளவில் வெட்டிய ஒருத்தி "மாமி!" என்று ஓடிவந்து கட்டிப்பிடித்தாள்.

"என்ன பிள்ளை, டொக்டருக்குப் படிக்கிற ஆக்களும் மாடு வளக்கினமே?" என்று வேடிக்கையாகத்தான் கேட்டார்.

கம்சிகாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "நான் மாறிட்டன் மாமி. போன செப்டெம்பரே. இப்ப மிருக வைத்தியம் படிக்கிறன்."

"அப்பாவுக்குத் தெரியுமோ?"

"தெரிஞ்சால் அடுத்த பிளேனில வந்து கூட்டிக்கொண்டு போயிடுவார். எல்லாரிட்டையும் மகள் டொக்டர் எண்டு சொல்லிட்டார் மாமி. இப்ப மாட்டு டொக்டர் எண்டு எப்பிடிச் சொல்லுவார்? இந்த மாதம் எக்ஸாம். பாஸ் பண்ணினதைக் கையில வைச்சுக்கொண்டு ஓகஸ்ட் லீவில வந்து நானே நேர சொல்லுவன். ப்ளீஸ் மாமி, அதுவரைக்கும் வாய் திறக்காதேங்கோ."

வசந்தமலர் பையை இறக்கி வைத்தார். ஓட்டக்காரர்கள் இருபக்கத்தாலும் போய்க்கொண்டிருந்தார்கள். பட்டுத்துணியை அவிழ்த்த கம்சிகா ஸ்ரெதஸ்கோப்பை வெளியே எடுத்தாள். பிறகு அதன் இரண்டு முனைகளையும் மாமியின் காதில் மாட்டி, மறுமுனையைக் கன்றுக்குட்டியின் நெஞ்சில் வைத்தாள். திடும் திடும் என்று கேட்டது. கன்று, வசந்தமலரின் கையிலிருந்த வியர்வையை நக்கியது. கடைசி வண்டி வளைவில் தெரிகிறது என்று யாரோ கத்தும்வரை அவர் காதிலிருந்து அதைக் கழற்றவில்லை. "நான் மூச்சுக்காட்டமாட்டன், பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார். வண்டி அவருக்குப் பின்னால்தான் வந்து சேர்ந்தது.

வாக்குக் கொடுப்பது சுலபம். வசந்தமலருக்குப் பொய் சொல்ல வராது என்பதுதான் இதிலுள்ள வில்லங்கம். பல் மருத்துவ நிலையம் ஒன்றில் வரவேற்பு மேசையில் இருக்கிறார். வைத்தியர் பிந்தி வரும் நாட்களில், அவர் கூட்டமொன்றில் இருக்கிறார் என்று சொல்லும்படி வசந்தமலருக்கு உத்தரவு. "வந்துகொண்டிருக்கிறார், இப்பதான் எழும்பினவராம்" என்று அவர் நோயாளிகளிடம் சொல்லிவிடுவார். பொய் சொல்ல வெளிக்கிட்டால் முகம் முந்திக்கொண்டு காட்டிக்கொடுத்துவிடும். நித்தியானந்தன் எதிரில் வந்து பிள்ளை எப்படி என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், குட்டு வெளிப்பட்டுவிடும். தகப்பனிடம் தானே சொல்லவேண்டும் என்று அந்தப் பிள்ளை காத்துவைத்திருப்பதைச் சபையில் போட்டு உடைத்த பாவம் தன்னைச் சேரும் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். அதை நினைத்தாலே பயமாக இருந்தது.

வீடு திரும்பியதும் நித்தியானந்தனின் அழைப்பு வந்தால் தொலைபேசியைத் தொடுவதில்லை. இராசரத்தினத்துக்கு விடயம் தெரியாது. "அண்ணை திரும்பத் திரும்ப எடுக்கிறார், ஒருக்காக் கதையுமன்" என்பார். "கதைக்கலாம், கதைக்கலாம்" என்று வசந்தமலர் குளியலறைக்குள் போய்விடுவார். இரண்டு பிறந்தநாள் விழாவும் ஒரு பூப்புனித நீராட்டு விழாவும் இப்படியே தவிர்க்கப்பட்டன. பெண்கள் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். வெளிநாடு போய் ஓடி வந்த பிறகு மலருக்குக் கொஞ்சம் எடுப்பு, ஒருத்தரையும் மதிக்கிறதில்லை என்று ஒருத்தி சொன்னது காதுக்கும் வந்தது. அவர் அதையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

ஆனால் ஜூலை முடிவில் வந்த கலியாணம் கூடப்பிறந்த சகோதரனின் மகனுடையது. தட்ட முடியாது. மண்டபமும் இல்ஃபோர்ட்டில். நித்தியானந்தன் முன்வரிசையில் இருப்பதைக் கண்டு, தூணொன்றின் மறைவில் இருந்து தாலி கட்டுவதைப் பார்த்தார். மணமக்களை வாழ்த்தி அறுகரிசி போட மேடைக்குப் போகவில்லை. சாப்பாட்டுப் பந்திக்குச் சனம் எழும்பிய நெரிசலில், இராசரத்தினத்திடம் தலைவலி என்றுகூடச் சொல்லாமல், பக்கக் கதவால் வெளியே வந்துவிட்டார். தப்பிவிட்டோம் என்று மூச்சு விட்டபோதுதான் பின்னால் குரல் கேட்டது.

"தங்கச்சி! வசந்தி! நில்லும், நில்லும்!"

பட்டு வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நித்தியானந்தன் கார்த் தரிப்பிடத்தைக் கடந்து வந்துகொண்டிருந்தார். நல்ல மனிதர். கோபமில்லை, முகமெல்லாம் சிரிப்பு. கூடவே இரண்டு மூன்று பேரையும் கேட்பதற்கென்று அழைத்து வந்திருந்தார். "இவதான் போய்ப் பாத்திட்டு வந்தவ. ஸ்ரெதஸ்கோப்பைப் போட்டுப் பாத்தவளோ தங்கச்சி? டொக்டர் மாதிரி இருக்கிறாளோ? சொல்லுமன், இவையும் கேக்கட்டும்!"

வசந்தமலரின் முகம் அதற்குள் மாறத் தொடங்கிவிட்டது. ஓகஸ்ட் மாதத்துக்கு இன்னும் ஒரு கிழமை இருந்தது. அவர் ஒரு கையால் காஞ்சிபுரச் சேலையின் கொய்யக மடிப்பை முழங்கால்வரை தூக்கினார். குதியுயர்ந்த செருப்புகளைக் கழற்றி மற்றக் கையில் எடுத்தார். "பிறகு வாறன் அண்ணை!" என்றார். பிறகு ஓடினார். தன் வாழ்நாளில் ஓடியிராத வேகத்தில், வாசலைத் தாண்டி, நடைபாதையில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு, கொண்டைப் பூ கழன்று விழுவதையும் பாராமல் ஓடினார். பஸ் தரிப்பிடத்தில் அவர் ஏறவேண்டிய பஸ் கதவைத் திறந்தபடி நின்றது. சாரதி அவருக்காகக் கையைக் காட்டிக் காத்திருந்தார். வசந்தமலர் அதையும் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார்.