வாசலிலேயே நின்றுவிட்ட மூன்று பக்கம்

முத்தியால்பேட்டையில் எனக்கு ஒரு நோட்டுப்புத்தகக் கடை இருந்தது. மேலே ஒரு மாடி அறை. பள்ளிக்கூடம் திறக்கும் மாதங்களில் சரக்கு அடைத்திருக்கும். மற்ற நாட்களில் காலி. இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்கள், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளுக்குக் கதைகள் எழுதுகிறவர்களையும் அவற்றைப் பதிப்பிக்கிறவர்களையும் அங்கே கூப்பிட்டு உட்காரவைத்துப் பேச்சுக் கொடுப்பேன். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். படித்ததெல்லாம் கடையில் உட்கார்ந்து படித்ததுதான். ஆனால் கேள்வி கேட்கப் பட்டம் எதற்கு? தவிர, எழுதுகிறவர்கள் எழுத்தில் சொல்வதைவிட டீ குடிக்கும்போது சொல்வது இன்னும் நன்றாக இருக்கும். அதைப் பொறுக்கத்தான் பாதிக் கூட்டம் நடத்தினேன்.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பதிப்பாசிரியர் இருந்தார். ஒற்றை அறைப் பதிப்பகம். அச்சு வேலை தட்டாஞ்சாவடியில். ஒருமுறை அவர் சொன்னார்: "பெரியவங்க புத்தகத்துக்கு வாங்கறதும் படிக்கறதும் ஒரே ஆளு. புள்ளைங்க புத்தகத்துல வாங்கற ஆளு வேற, படிக்கற ஆளு வேற. ரெண்டு மாமியார் இருக்கற வீட்டுல வாக்கப்பட்டவன் தலைவரே நானு." என்னைத் தலைவரே என்றுதான் கூப்பிடுவார். எனக்கு எந்தக் கட்சியும் கிடையாது.

அவர் போட்டதில் எனக்கு உயிரான புத்தகம் ஒன்று உண்டு. பதினோரு வயதுப் பெண்ணின் கதை. அவளுடைய அண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து கப்பலேறுகிறான். "திரும்பி வர்றப்ப வாடகை சைக்கிள் எடுத்துக்கிட்டு மணி அடிச்சுக்கிட்டே தெருவுல வருவேன், பாரு" என்று சொல்லிவிட்டுப் போகிறான். அதற்குப் பிறகு எந்தச் சைக்கிள் மணி கேட்டாலும் பெண் வாசலுக்கு ஓடுகிறாள். பால்காரர், தபால்காரர், கோலமாவு விற்கிறவர். கடைசி இரண்டு வரி இப்படி முடியும்: 'வெளியே சைக்கிள் மணி அடித்தது. அவள் எழுந்து கதவை நோக்கிப் போனாள்.'

அவ்வளவுதான். வந்தது யாரென்று சொல்லாமல் புத்தகம் முடிந்துவிடும். வந்தது அண்ணன் இல்லை என்பது படிக்கிற பிள்ளைக்குத் தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாது. போனவன் வந்தே தீர வேண்டும் என்பது பிள்ளைகள் கதையில் எழுதாத சட்டம். அதை இப்படி உடைத்துப் போட ஒரு ஆளுக்குத் தைரியம் இருந்ததே என்று எத்தனையோ கூட்டங்களில் நான் மேசையைத் தட்டிப் பேசியிருக்கிறேன். பேனா வாங்க வந்தவர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

எழுதியவர் கருவடிக்குப்பத்தில் இருந்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற அம்மா. எழுதியது அந்த ஒரு புத்தகம்தான். இரண்டு வருடம் கெஞ்சி ஒருவழியாக அவரை வரவழைத்தேன். பக்கத்து நாற்காலியில் பதிப்பாசிரியர். முக்காலிமேல் என் டேப் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் பாயில் பிள்ளைகளும், பின்னால் அவர்களைக் கூட்டி வந்தவர்களும்.

முதலில் சும்மா கேட்டேன். "புத்தகமா வந்தப்புறம் எடுத்துப் படிச்சுப் பாத்தீங்களாம்மா?"

"இல்ல தம்பி. அச்சுல பாக்கறது, நம்ம புடவை அடுத்த வீட்டுக் கொடியில காயற மாதிரி. நம்மளுதுதான். ஆனா கை வைக்கக் கூச்சமா இருக்குது. குடுத்த காப்பியெல்லாம் அப்பவே ஆளுக்கு ஒண்ணா குடுத்துட்டேன்."

எல்லோரும் சிரித்தோம். இன்றைக்கு நல்ல வரவு என்று நினைத்துக்கொண்டு, பல நாளாக வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன்.

"அண்ணன் வராமலே கதையை முடிக்க உங்களுக்கு எப்படிம்மா மனசு வந்துச்சு?"

"யாரு வராம?"

"அண்ணன்."

"அவன்தான் வந்துட்டானே."

ஏதோ தத்துவமாகச் சொல்கிறார் என்று எண்ணித் தலையாட்டினேன். பின்னாலிருந்து ஒருவர், "ஆமாமா, வந்ததா நெனச்சுக்கலாம்" என்றார்.

"நெனச்சுக்கறது இன்னாத்துக்கு?" என்றார் அந்த அம்மா. "வலீஸ் பெட்டியக் கீழ வச்சிட்டு, கை கழுவிட்டுச் சாப்பிட உக்காரறானே. மூணு பக்கம் சாப்பிடறான் தம்பி அவன்!"

எனக்குச் சிரிப்பு நின்றது. கையிலிருந்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து அவர் மடியில் வைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். தாளைத் திருப்பினார்; பின் அட்டைதான் இருந்தது. மறுபடி இந்தப் பக்கம் திருப்பினார். அப்புறம் அந்தத் தாளை இரண்டு விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார், இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று பார்க்கிற மாதிரி.

பதிப்பாசிரியர் முகம் வெளுத்துவிட்டது. "அம்மா, போன்ல சொன்னனேம்மா. கடைசியில கொஞ்சம் சுருக்கறேன்னு. சரி ஐயான்னீங்களே."

"சுருக்கறதுன்னா வார்த்தைய சுருக்குவீங்கன்னு நெனச்சேன் ஐயா. ஆளையே சுருக்கிட்டீங்களே."

பதிப்பாசிரியர் எங்களைப் பார்த்து விளக்கினார். அச்சில் பதினாறு பக்கம் சேர்ந்தால் ஒரு பாரம். நாலு பாரத்துக்கு அறுபத்துநாலு. இந்தக் கதை மூன்று பக்கம் கூடுதல். மூன்று பக்கத்துக்காக இன்னொரு பாரம் போட முடியாது. "படம் போட்டவரு ஒரு படத்தக்கூட விட மாட்டேன்னு சண்டைக்கு வந்துட்டாரு. அம்மாதான் உடனே சரின்னாங்க."

"அப்ப இந்த முடிவு, சார்?" என்றேன்.

"முடிவுன்னு நானா எதுவும் வைக்கல தலைவரே. காகிதம் அங்க முடிஞ்சிது."

நான் மேசையைத் தட்டிய தட்டெல்லாம் ஒவ்வொன்றாகக் காதில் விழுந்தது.

அந்த அம்மா இன்னும் தாளை விடவில்லை. "ரெண்டு வருஷமா புள்ளைங்க வந்து கையப் புடிச்சிக்கினு, கடைசிப் பக்கத்துல அழுதுட்டேன் ஆயான்னு சொல்லுதுங்க. ஆமாண்டா கண்ணு, எழுதறப்ப எனக்கும் அழுகை வந்துச்சுன்னு நானும் சொன்னேன். சந்தோஷத்துல அழுவுதுங்கன்னு நெனச்சேனே!"

"அதாம்மா புத்தகம் இவ்ளோ பேரு எடுத்துச்சு" என்றார் பதிப்பாசிரியர். "வந்து சாப்பிட்டான்னு போட்டிருந்தா பத்தோட பதினொண்ணா போயிருக்கும்."

எனக்கும் அதே எண்ணம்தான். "சார் சொல்றதும் சரிதாம்மா. இதுலதான் ஒரு உண்மை இருக்குது" என்றேன்.

அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "உண்மையா? எங்க அண்ணன் நெசமாவே பட்டாளத்துல சொல்தாவா கப்பலேறிப் போனவன் தம்பி. கொஞ்ச நாள் காயிதம் போட்டான். அப்புறம் இல்ல. எங்கம்மா சாவற வரைக்கும் ராத்திரியில கதவுக்குத் தாப்பா போடல. நெசத்துலதான் அவன் வரலையே. அத எழுத எனக்கு ஒரு புத்தகம் எதுக்கு? அவன வரவழைக்கத்தான எழுதுனேன்."

பட்டாளத்துக்குப் போனவர்கள் இல்லாத தெரு பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் குறைவு. இருந்தும் அந்த அண்ணன் ரத்தமும் சதையுமான ஆளாக இருக்கலாம் என்று எங்கள் இருவர் புத்திக்கும் எட்டவே இல்லை.

"அம்மா, நீங்க சொல்லவேயில்லையே" என்றார் பதிப்பாசிரியர்.

"நீங்க கேக்கவேயில்லையே ஐயா. எத்தினி பக்கம்னுதான கேட்டீங்க."

கையெழுத்துப் பிரதி இருக்கிறதா என்று நான் கேட்டேன். பழைய பேப்பர்க்காரரிடம் போய்விட்டது என்று பதிப்பாசிரியர் தரையைப் பார்த்துச் சொன்னார். அம்மாவிடம் வேறு பிரதி இல்லை.

"போனா போவுது. எனக்கு வாயிலயே இருக்குது" என்று சொல்லி, பாயில் இருந்த பிள்ளைகள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். டேப் ஓடிக்கொண்டே இருந்தது.

அவர் சொன்ன கதையில் அண்ணன் குனிந்துதான் வாசலுக்குள் வருகிறான். போன இடத்தில் வளர்ந்துவிட்டான். கருவாட்டுக் குழம்பு இருக்கிறதா என்று கேட்கிறான். அம்மா சோறு போடுகிறாள். இன்னும் கொஞ்சம் என்கிறான், மறுபடியும் இன்னும் கொஞ்சம் என்கிறான். தங்கை வெளியே போய் அந்த வாடகை சைக்கிளின் மணியைக் கை வலிக்கிறவரை அடித்துவிட்டு வருகிறாள். கடைசி வரி: 'அன்றைக்கு ராத்திரி அம்மா கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாள்.'

வந்து சேரும் முடிவு என்றாலே மலிவு என்று நம்பியிருந்தவன் நான். அந்தத் தாழ்ப்பாள் சத்தம் என் முதுகில் விழுந்த மாதிரி இருந்தது. பாயில் ஒரு பெண்பிள்ளை மூக்கை உறிஞ்சினாள். எந்த அழுகை என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

பதிப்பாசிரியர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "ரெண்டாம் பதிப்பு இன்னும் அச்சுக்குப் போவலம்மா. அஞ்சாவது பாரம் சேத்துடறேன். ஆனா மூணு பக்கம் போவ மிச்சம் பதிமூணு பக்கம் வெத்தா நிக்கும். நம்ம புத்தக விளம்பரம் போட்டுக்கட்டா?"

"விளம்பரம் வேணாம்" என்றார் அம்மா. "வெத்தாவே உடுங்க. கப்பல்ல வந்தவன். கொஞ்சம் காலை நீட்டிக்கட்டும்."

அப்படியே வந்தது. வாங்கிப் போனவர்கள் சிலர், "பின்னாடி அச்சே விழலங்க" என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். வேறு பிரதி எடுத்துக் கொடுப்பேன், அதிலும் வெள்ளைதான்.

ஒருநாள் அந்த அம்மாவே கடைக்கு வந்தார். ஒரு பிரதியை எடுத்து, குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, நின்றபடியே கடைசி மூன்று பக்கங்களைப் படித்தார். பிறகு வெற்றுத் தாள்களை ஒவ்வொன்றாக, அவசரப்படாமல், அட்டைவரை திருப்பினார்.

"எடம் தாராளமா இருக்குது தம்பி" என்றார்.