ரெஃப்ரெஷ் பண்ணாத கவுன்ட்டர்

எங்கள் அலுவலகத்தில் அவரைச் ‘சட்டை அக்கா’ என்றுதான் கூப்பிடுவோம். ஜாவாவில் எழுதிய மருத்துவமனைச் செயலி ஒன்றைப் பல ஊர்களுக்கு விற்கிறோம். உள்ளே எல்லாம் ஒன்றுதான். வாங்குகிறவர்களுக்கு ஏற்ற நிறம், எழுத்து, முத்திரை எல்லாவற்றையும் மேலே போர்த்துவது மட்டும் மாறும். அதற்குத் தீம் என்று பெயர். “ஆளுக்கொரு சட்டை மாட்டிவிடற வேலைன்னு சொல்லுங்க” என்று சேர்ந்த அன்றே அக்கா சொன்னார். பெயர் ஒட்டிக்கொண்டது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வேலையில் சேர்ந்ததும் ஊருக்குப் போய்ப் பெருமையாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அப்பா, “அப்போ கம்ப்யூட்டருக்குப் பெயின்ட் அடிக்கிற” என்றார். மனசு சுருக்கென்றது. அக்காவிடம் புலம்பியபோது அவர் சிரிக்கக்கூட இல்லை.

“சரியாத்தானே சொல்லியிருக்காரு? பெயின்ட் அடிக்காத வீட்டுல யாரு குடிபோவா?”

அக்கா குறை சொல்லிச் சொல்லியே வேலைக்கு வந்தவர். அதற்கு முன் ஒரு மருத்துவமனையின் பதிவுக் கவுன்ட்டரில் இருந்தார். அங்கே ஓடியதும் எங்கள் செயலிதான். அவசர நோயாளியின் வரியும் சிவப்பு, அழிக்கும் பொத்தானும் சிவப்பு, எது எதுவென்று தெரியவில்லை என்று வாரம் தவறாமல் போன் செய்வார். ஒருநாள் எங்கள் மேலாளர் அலுத்துப்போய், “நீங்களே வந்து மாத்துங்களேன்” என்று சொல்லிவைத்தார். அக்கா மாலை வகுப்பில் சேர்ந்து படித்து, சான்றிதழோடு வாசலில் வந்து நின்றார். சொன்ன வாய்க்கு மேலாளரால் பூட்டுப் போட முடியவில்லை.

ஒப்பந்த வேலை. முதல் பணி, அதே மருத்துவமனைக்குப் புதுத் தீம். நிர்வாகி பார்த்துச் சரி என்றால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் அதோடு முடிந்தது. கவுன்ட்டர் நாற்காலியிலோ வேறொரு பெண் உட்கார்ந்துவிட்டாள். அக்காவின் மகள் அந்த வருடம்தான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள்.

ஆனாலும் அவர் வேலை செய்வதைப் பார்த்தால் பயந்தவர் என்று சொல்ல முடியாது. அழிக்கும் பொத்தானைச் சாம்பல் நிறத்துக்கு இறக்கினார். அவசர வரியின் இடது ஓரத்தில் ஆரஞ்சுப் பட்டை வந்தது. தட்டச்சு செய்யும் பெட்டிக்குக் கெட்டியான நீல விளிம்பு வைத்தார்.

“இவ்வளவு தடிமனா எதுக்குக்கா?” என்றேன்.

“தலையைத் தூக்கி நோயாளி முகத்தைப் பார்த்துப் பேசிட்டுத் திரும்பக் குனிஞ்சா, விட்ட இடம் தெரியணும்லப்பா.”

எங்கள் அலுவலகத்தில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நிறத்தை முறைப்படி மாற்றினால், செயலி முழுவதையும் மறுபடி கட்டி சர்வரில் ஏற்ற வேண்டும். அதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். அதனால் சோதனை சர்வரில் செயலி பிரிந்து கிடக்கும் ஃபோல்டருக்குள்ளேயே நேராகக் கை வைத்துத் திருத்துவோம். மாற்றம் உடனே திரையில் தெரியும். கடைசியில் எடுத்து, எல்லோரும் எழுதும் நிரல் வந்து சேரும் பொதுக் களஞ்சியத்தில் போட்டுவிட வேண்டும். அக்காவும் அப்படித்தான் செய்தார். அந்தக் ‘கடைசி’ மட்டும் இன்னும் வரவில்லை.

நிர்வாகி பார்க்க வருவதற்கு இரண்டு நாள் முன்பு, புதிதாகக் கல்யாணமானதால் ‘மாப்பிள்ளை’ ஆகிவிட்ட எங்கள் சகா உற்சாகமாக நாற்காலியைத் திருப்பினான்.

“புது வெர்ஷன் ஏத்திட்டேன்கா. பில் பக்கத்துல இருந்த பிழை போச்சு.”

அக்கா பக்கத்தைத் திறந்தார். பழைய வெள்ளை, பழைய சிவப்பு. புது வெர்ஷன் ஏறும்போது பழைய ஃபோல்டர் அடியோடு துடைக்கப்பட்டிருந்தது.

“பிழை மட்டுமா போச்சு மாப்பிள்ளை?” என்றார் அக்கா. குரல் உயரவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

மாப்பிள்ளை நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். பழைய திறப்பிலேயே அந்தப் பக்கம் எங்காவது இருக்கிறதா என்று எங்கள் கணினிகளில் தேடினோம். எல்லாவற்றிலும் பக்கம் புதுப்பிக்கப்பட்டிருந்தது. அக்கா தண்ணீர் பாட்டிலைத் திறந்து, குடிக்காமலே மூடினார். பிறகு சட்டென்று போனை எடுத்தார். புதுத் தீம் எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும்படி அன்று காலையில்தான் கவுன்ட்டர் பெண்ணுக்கு இணைப்பு அனுப்பியிருந்தார்.

“தங்கச்சி, நான் அனுப்பின பக்கம் இன்னும் திறந்திருக்கா?”

“இருக்குக்கா. சிஸ்டம் ஸ்லோவா இருக்கு, அணைச்சுப் போடலாம்னு பாத்தேன்.”

“அணைக்காத. மூடாத. ரெஃப்ரெஷ் பண்ணாத.”

“எப்பவும் அதைப் பண்ணுன்னுதானே திட்டுவீங்க?”

“இன்னைக்கு நீ எதையும் பண்ணாம இருந்தாலே போதும் சாமி.”

மருத்துவமனை பக்கத்துத் தெருதான். நானும் கூடவே ஓடினேன். கவுன்ட்டர் பெண் மவுசைத் தொடாமல் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சைக்கு வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். திரையில் நீல விளிம்பும் ஆரஞ்சுப் பட்டையும் அப்படியே இருந்தன. திறந்த பக்கம் தன் நிறக்கோப்பைக் கையோடு வைத்திருக்கும். உலாவியின் உள்கருவியைத் திறந்து அதை முழுதாக எடுத்துக்கொண்டோம்.

“அப்படியே ஒட்டிடலாம்கா” என்றேன் திரும்பும்போது.

“போய்ட்டு வந்த உசிருப்பா. இனி ஒழுங்கா வளர்ப்போம்.”

கோப்பில் ஒரே நீலத்தின் எண் எங்கெங்கோ சிதறிக் கிடந்தது. அக்கா ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பெயர் வைத்து, எல்லாப் பெயர்களையும் ஓரிடத்தில் குவித்தார். தீம் முழுவதையும் செயலியிலிருந்து பிரித்துத் தனிப் பொதியாகக் கட்டினார். கட்டிய கையோடு களஞ்சியத்தில் போட்டார். காவலுக்கு மாப்பிள்ளை பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

நிர்வாகி வந்தார், பார்த்தார், தலையாட்டினார். எங்களுக்கு மூச்சு வரும் நேரத்தில், “கண் பிரிவுக்கு மட்டும் பச்சையா வேணுமே. எத்தனை வாரம் ஆகும்?” என்றார். மேலாளர் இருமினார். அக்கா நிறங்கள் குவிந்திருந்த கோப்பைத் திறந்து, நான்கு எண்களை மாற்றினார். நிர்வாகியின் கண்முன்னாலேயே திரை பச்சையானது.

நிர்வாகி மேலாளரைப் பார்த்தார். “இந்தம்மா எங்க கவுன்ட்டர்ல இருந்தவங்கதானே?”

“இப்ப எங்க ஆளு சார். நிரந்தரம்” என்றார் மேலாளர்.

கைகுலுக்கல்கள் முடியுமுன் அக்காவின் போன் அடித்தது. கவுன்ட்டர் பெண்.

“அக்கா, அன்னைக்கிலேர்ந்து அந்த சிஸ்டத்தைத் தொடாமயே வெச்சிருக்கேன். இப்பவாவது ரெஃப்ரெஷ் பண்ணலாமா?”

“பண்ணும்மா” என்றார் அக்கா.