மாற்றி வைத்த கிண்ணம்

கன்னியம்மாள் சமையல் வகுப்பில் சேர்ந்தது 1956-ஆம் வருஷம். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. கருவடிக்குப்பத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பயிரிடும் குடும்பத்தில் பிறந்து, முத்தியால்பேட்டையில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் கலியபெருமாள் மில்லில் தறி ஓட்டினான். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி, நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச முடியாமல் இருமல் வந்தபோது வேலையை விட்டு நின்றான். கன்னியர் மடத்தில் பெண்களுக்குப் பிரெஞ்சுச் சமையல் சொல்லித் தருகிறார்கள், ஒரு வருஷம் படித்தால் வெள்ளைக்காரர் வீட்டில் வேலை கிடைக்கும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியைக் கொடுத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தாலும், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவர்கள், டாக்டர்கள் என்று சில குடும்பங்கள் ஊரில் இருக்கத்தான் செய்தன.

வகுப்பில் ஒன்பது பெண்கள். சொல்லித் தந்த வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரீயை எல்லோரும் ‘மசேர்’ என்று கூப்பிட்டார்கள். கன்னியம்மாள் கருவாட்டுக் குழம்பு வைத்தால் தெருவே மணக்கும். அந்தக் கை மடத்தில் உதவவில்லை. ‘சோஸ்’ என்கிற வெள்ளைக் குழம்புக்கு மாவை வெண்ணெயில் வறுத்துப் பால் ஊற்றிக் கிளறச் சொன்னால், கட்டி கட்டியாகத் திரண்டு களி மாதிரி நின்றது. மசேர் கரண்டியால் தூக்கிப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

“இது சோஸ் இல்லை. இது சுவருக்குப் பூசலாம்.”

எல்லோரும் சிரித்தார்கள். கன்னியம்மாளும் சிரித்தாள். பிறகு கை கழுவும் சாக்கில் குழாயடிக்குப் போய், முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டே நின்றாள்.

அங்கே பின்னாலேயே வந்தவள் சுலோசனா. இருபத்திரண்டு வயது, இரண்டு தெரு தள்ளி வீடு.

“பால ஒரேயடியா ஊத்திட்டக்கா. கொஞ்சம் கொஞ்சமா ஊத்து. நாளைக்கு என் பக்கத்துல நில்லு, காட்டறேன்.”

மறுநாளிலிருந்து கன்னியம்மாள் அவள் பக்கத்திலேயே நின்றாள். சுலோசனாவுக்குக் கை பதறாது. அடுப்பு எப்போது அடங்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அவளைப் பார்த்துப் பார்த்துத்தான் கன்னியம்மாளுக்கும் சமையல் பிடிபட்டது. முதன்முதலில் மாட்டுக்கறி நறுக்கிய அன்று குமட்டிக்கொண்டு வெளியே ஓடியவளுக்கு, அந்த வேலையைச் சத்தமில்லாமல் முடித்து வைத்தவளும் சுலோசனாதான். அன்று வீட்டுக்கு வந்து தலை முழுகியதற்குக் கன்னியம்மாள் புருஷனிடம் வெயிலைக் காரணம் சொன்னாள். அடுத்த மாதங்களில் மீன் ரகு என்கிற கெட்டிக் குழம்பு கைக்கு வந்தது. ஒரு நாள் அவள் வைத்த வெங்காய சூப்பை மசேர் இரண்டாவது கரண்டி எடுத்துக் குடித்தார். ஒன்றும் சொல்லவில்லை, குடித்தார், அவ்வளவுதான். அன்று சாயங்காலம் கலியபெருமாளிடம் அதையே மூன்று தடவை சொன்னாள்.

பரீட்சை 1957 ஏப்ரலில் வந்தது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும் வெள்ளைக்கார ‘முசே’ ஒருவரின் மனைவி தன் வீட்டுக்குச் சமையலுக்கு ஆள் எடுக்க நேரே வந்திருந்தாள். அவித்த மீனும், தொட்டுக்கொள்ள மயோனேஸும் செய்ய வேண்டும். மயோனேஸ் என்பது முட்டையின் மஞ்சள் கருவில் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வெண்ணெய்ப் பதத்துக்கு அடித்தெடுப்பது. ஆளுக்கு ஒரு முட்டைதான் கொடுத்திருந்தார்கள்.

கன்னியம்மாள் நன்றாகத்தான் ஆரம்பித்தாள். பாதியில், ஆள் எடுக்க வந்த அந்த மதாம் பக்கத்தில் வந்து நின்று பார்க்கவும் கை தடுமாறியது. எண்ணெய் குபுக்கென்று விழுந்தது. கிண்ணத்திலிருந்தது ஒரு நொடியில் திரிந்து, எண்ணெய் தனியாக, மஞ்சள் தனியாகப் பிரிந்துவிட்டது. மதாம் அதற்குள் நகர்ந்து போயிருந்தாள். வேறு யாரும் கவனிக்கவில்லை.

சுலோசனா தன் கிண்ணத்தை ஜன்னலோரம் வைத்து வாழை இலையால் மூடிவிட்டு, மீனை எடுக்கப் பின்கட்டுக்குப் போயிருந்தாள். எல்லாம் ஒரே மாதிரி வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள். வீட்டில் இருமிக்கொண்டிருக்கிற மனுஷனை அந்த நேரம் நினைத்ததாகக் கன்னியம்மாள் பின்னால் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உண்மையில் அவள் எதையும் நினைக்கவில்லை. இலையைத் தூக்கினாள், கிண்ணத்தை மாற்றினாள், இலையை மூடினாள்.

சுலோசனா திரும்பி வந்து இலையை எடுத்துப் பார்த்தாள்.

“அக்கா, நல்லாத்தானே இருந்துச்சு? வெயில்ல திரிஞ்சிடுச்சா?”

“ஜன்னல் பக்கம் வச்சிட்டியே, அதான்” என்றாள் கன்னியம்மாள்.

வேலை கன்னியம்மாளுக்குக் கிடைத்தது.

முசே வீட்டில் சேர்ந்த இரண்டாம் மாதம், மயோனேஸ் மறுபடி திரிந்தது. மதாம் சிரித்துக்கொண்டே இன்னொரு மஞ்சள் கருவை எடுத்து, திரிந்ததை அதில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அடித்தாள். ஐந்து நிமிஷத்தில் சேர்ந்துகொண்டது. பரீட்சையன்று மசேரிடம் போய் இன்னொரு முட்டை கேட்டிருந்தால் கொடுத்தே இருப்பார். கன்னியம்மாள் பாத்திரம் கழுவுகிற தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த வாரமே சுலோசனா அவளைத் தேடி வீட்டுக்கு வந்தாள்.

“நான் எங்க தப்பு பண்ணேன்னு சொல்லுக்கா. யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன், புரியல.”

சொல்லிவிட அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. கன்னியம்மாள் அவளைப் பலகை போட்டு உட்காரவைத்து, எண்ணெயை எப்படி விட வேண்டும், திரிந்தால் எப்படிச் சேர்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். சுலோசனா சின்னப் பிள்ளை மாதிரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, “நல்லா இருக்கணும்க்கா, நீ” என்று வாழ்த்திவிட்டுப் போனாள்.

சுலோசனா இட்லிக் கடையில் மாவாட்டப் போனாள். கன்னியம்மாள் தினமும் அந்தக் கடையைத் தாண்டாமல் சுற்று வழியில் வேலைக்குப் போய்வந்தாள். முசே வீட்டு விருந்தாளிகள் சமையலைப் புகழும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கமான பெண் என்று அதற்கும் பாராட்டினார்கள்.

1962-இல் முசே குடும்பம் தங்கள் நாட்டுக்குத் திரும்பத் தயாரானது. புதிதாக வந்த டாக்டர் வீட்டுக்கு ஆள் வேண்டும், நீயே போ என்று மதாம் நற்சான்றுக் கடிதம் எழுதி வைத்தாள். அன்று பிற்பகல் கன்னியம்மாள் சுற்று வழியில் போகவில்லை. நேராக இட்லிக் கடைக்குப் போனாள். ஆட்டுக்கல்லுக்கு முன்னால் நின்று, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். டாக்டர் வீட்டு வேலையை நீ எடுத்துக்கொள் என்றும் சொன்னாள்.

குழவியின் சத்தம் நின்றது.

“அஞ்சு வருஷம்” என்றாள் சுலோசனா. “எனக்குக் கையே சரியில்லன்னு நானே நம்பிட்டேன். வூட்டுல விசேஷம்னாகூட அடுப்புப் பக்கம் போக மாட்டேன், தெரியுமா? உன்கிட்டயே வந்து பாடம் கேட்டேனே!”

சுலோசனா மாவுக் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள்.

“நீ குடுக்கிற வேல எனக்கு வாணாம். அந்த டாக்டர் வூட்டு மதாம் எனக்குப் பரீட்ச வைக்கட்டும். இன்னா நடந்துச்சுன்னு நீயே வந்து அவங்ககிட்ட சொல்லு.”

அப்படியே ஆயிற்று. இரண்டு மதாம்களும் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, கன்னியம்மாள் நின்றபடி, பாதி தமிழும் பாதி பிரெஞ்சுமாகச் சொல்லி முடித்தாள். யாரும் திட்டவில்லை. அவளுடைய மதாம் அந்தக் கடிதத்தை எடுத்து மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினாள். சுலோசனா சமையலறைக்குள் போய் மீன் ரகு வைத்தாள். டாக்டரின் மனைவி ருசி பார்த்துவிட்டு, திங்கட்கிழமையே வந்துவிடு என்றாள்.

கலியபெருமாளிடம் அன்று மாலை எல்லாவற்றையும் சொன்னாள். அவன் இருமி அடங்கக் காத்திருந்து, “எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே, கன்னி” என்று மட்டும் கேட்டான்.

பிறகு மாணவர் விடுதி ஒன்றில் அண்டாவில் சாம்பார் வைக்கிற வேலை அவளுக்குக் கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் மார்க்கெட்டில், வஞ்சிரம் விற்கிறவள் முன்னால் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னால் பழகிய குரல் கேட்டது.

“கொஞ்சம் நகருங்க.”

சுலோசனா அவளை ‘நீங்க’ போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. கன்னியம்மாள் கூடையை இடுப்போடு அணைத்துக்கொண்டு ஒதுங்கி, அவளுக்கு இடம் விட்டாள்.