ஊசியக்கா தேடிய வசனம்

ஊசியக்காவை முதன்முதலாகப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு பேண்ட்டோடுதான் போவார்கள். இதை எழுதுகிறவன் போனதும் அப்படித்தான். வம்சத்திலேயே முதல் ஆளாகப் பட்டம் வாங்கி, முதல் வேலைக்கென்று கடன் சொல்லாமல் வாங்கிய பேண்ட் அது. நடந்தால் தரையைக் கூட்டியது. மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவே ஒரு மெஷின், ஒரு ஸ்டூல், ஒரு கண்ணாடி மட்டும் கொள்ளும் கடை. அக்கா வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே, "நேரா நில்லுங்க தம்பி. குனிஞ்சு குனிஞ்சு பார்த்தா அளவு தப்பும்" என்றார். எப்போதும் வாயில் குண்டூசி இருப்பதால்தான் அந்தப் பெயர். அவரை வாயில்லாப் பூச்சி என்று புதியவர்கள் நினைப்பதற்கும் அதுதான் காரணம்.

மறுநாள் பேண்ட்டோடு, வெட்டிய துணியையும் ஒரு சுருளாகக் கட்டிக் கொடுத்தார். "இது எதுக்குக்கா?" என்றதற்கு, "உங்க துணி. என்கிட்ட எதுக்கு?" என்றார். நூல்கண்டுகள் அடுக்கிய பலகைக்கு மேல், அவரே தைத்த பருத்தி உறைக்குள் ஒரு தடித்த புத்தகம் இருந்தது. அந்தத் துணிச்சுருளுக்கும் அந்தப் புத்தகத்துக்கும் சம்பந்தம் உண்டென்று தெரியவர நாளானது.

தையல் வயிற்றுப்பாட்டுக்கு. அக்கா மனதோடு செய்த வேலை வேறொன்று. அவர்கள் பள்ளிவாசல் ஜமாஅத்தில் ஒரு பெண் இறந்துபோனால், அடக்கத்துக்கு முன்னால் குளிப்பாட்டப் போவது அக்காவும் அவருடைய நாத்தனாரும்தான். இரண்டு பேர் வேலை அது. ஒருவர் ஊற்ற வேண்டும், ஒருவர் தேய்க்க வேண்டும். நாத்தனார் தன் மணிக்கட்டில் தண்ணீரைச் சொட்டுவிட்டுச் சூடு பார்த்து, குவளையைச் சாய்ப்பார். அக்கா மூடிய போர்வைக்கு அடியில் கையை விட்டு, வலதுபக்கம் முதலில், பிறகு இடதுபக்கம் என்று மெல்லத் துடைத்துக்கொண்டே போவார். போர்வை விலகாது, உடம்பை யாரும் பார்க்க முடியாது. 'ஊத்து' என்று சொல்ல வேண்டியதில்லை. கை போகிற இடத்துக்குத் தண்ணீர் தானாக வந்து சேரும். வெளியே இருவருக்கும் எலியும் பூனையும்தான். குளிப்பாட்டும் அறைக்குள் ஒரே ஆளுக்கு நான்கு கை முளைத்ததுபோல இருக்கும்.

ஒருமுறை, இறந்துபோனவரின் மகள் அறைக்குள்ளேயே நின்றாள். கல்லூரியில் படிக்கிற பெண். அழுது முடித்த குரலில் கேட்டாள்.

"ஏன் ஆன்ட்டி வலதுபக்கம் முதல்ல? ஏன் மூணு தடவை?"

"குர்ஆன்ல அப்படித்தாம்மா இருக்கு."

"எந்த இடத்துல? நானும் படிக்கணும்."

"வீட்டுக்குப் போய்ப் பார்த்துச் சொல்றேன்" என்றார் அக்கா. சொன்னபோது துளி சந்தேகம் இல்லை. சிறுவயதிலிருந்து அரபியில் ஓதி ஓதி எத்தனையோ முறை முடித்த புத்தகம். அதில் இல்லாமல் எங்கே போய்விடும்?

தமிழ் அர்த்தம் போட்ட பிரதியை வாங்கிவந்து முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் மெஷினுக்கு மேலேயே விரித்துவைத்துப் படிப்பார். விட்ட இடத்தில் ஒரு துண்டுத்துணியைச் செருகுவார். தேடியது ஒன்று, கண்ணில் பட்டது ஆயிரம். அளவில் குறைத்துக் கொடுப்பவர்களுக்குக் கேடு என்று வந்த இடத்தில் அளவு நாடா கழுத்தில் கனத்தது. அதுவரை மிச்சத் துணியை மூட்டை கட்டி விற்றுக்கொண்டிருந்தவர், அன்றிலிருந்து சுருட்டிக் கொடுத்தனுப்ப ஆரம்பித்தார். ஊசியின் காதுக்குள் ஒட்டகம் நுழைகிற பேச்சு வந்தபோது தனியாக உட்கார்ந்து சிரித்தேவிட்டார். 'நம்ம ஊசியும் இதுக்குள்ள இருக்கே!'

கணவர் டாக்ஸி ஓட்டுகிறவர். சாயங்காலம் வந்து தட்டைத் தேடுவார். "தேடு தேடு. அப்படியே என் சாப்பாடு எந்தப் பக்கத்துல இருக்குன்னும் பார்த்துச் சொல்லு."

"சமையல் பொம்பளை மட்டும்தான் செய்யணும்னு இதுவரைக்கும் எங்கயும் வரல. வந்தா சொல்றேன்."

"முடிக்கிறவரைக்கும் நான் பட்டினியா?" என்று அவரே அடுப்பைப் பற்றவைப்பார்.

கடைசிப் பக்கமும் வந்தது. குளிப்பாட்டும் முறை எங்குமில்லை. முகத்தையும் கைகளையும் கழுவுவது இருந்தது. அது தொழப்போகிற உயிருள்ளவர்களுக்கு. எங்கோ பார்வை தவறியிருக்கும் என்று மறுபடி முதலிலிருந்து படித்தார். இரண்டாவது முறை முடிந்தபோதும் தேடியது கிடைக்கவில்லை. ஆனால் நெஞ்சுக்குள் எதுவோ இடம் மாறி உட்கார்ந்திருந்தது. இத்தனை வருடம் யாரோ சொல்லிக் கேட்டதையெல்லாம் இறைவன் சொன்னதாகப் பிறருக்குச் சொல்லியிருக்கிறோமே என்ற கூச்சம். இனி என் ஈமானுக்கு, என் நம்பிக்கைக்கு, இந்தப் புத்தகம் ஒன்றே போதும், இதைப் பிடித்துக்கொண்டே நடந்து பார்க்கிறேன் என்று முடிவெடுத்தார். தொழுகையை விடவில்லை, நோன்பை விடவில்லை. யாராவது 'மார்க்கத்துல அப்படித்தான்' என்றால் மட்டும், "எங்கே இருக்கு?" என்று கேட்பார். கொஞ்ச நாளில் அதுவும் அவருக்கு ஒரு பட்டப்பெயராயிற்று.

பள்ளிவாசலில் தொழவைக்கும் ஹஜ்ரத்திடமும் போனார். அவர் நல்ல மனிதர், பொறுமையாகச் சொன்னார். "அது ஹதீஸ்ல, நபி சொன்னதா வந்த செய்திகள்ல இருக்கும்மா. தூதருக்குக் கீழ்ப்படிங்கன்னு குர்ஆனே சொல்லுதே, அதைப் பார்க்கலையா?"

"பார்த்தேன் ஹஜ்ரத். அதையும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். பதில் வந்துட்டதா பொய் சொல்ல முடியல."

பிறகு அந்தக் கல்லூரிப் பெண்ணைத் தேடிப்போய், "நான் அன்னைக்குச் சொன்னது தப்பும்மா. அது குர்ஆன்ல இல்ல" என்று சொல்லிவிட்டு வந்தார். வந்தது வினை. அந்தப் பெண் தோழியிடம் சொல்ல, தோழி தன் அம்மாவிடம் சொல்ல, பேச்சுக்குக் கைகால் முளைத்து, 'மையித்தைக் குளிப்பாட்டவே கூடாதுங்கிறா ஊசியக்கா' என்று தெருவைச் சுற்றியது. ஹஜ்ரத் கடைக்கே வந்து, தரையைப் பார்த்தபடி, "கொஞ்ச நாள் ஒதுங்கியிருங்கம்மா. துக்க வீட்டுல சண்டை வரக்கூடாது" என்றார். வேறொரு பெண்ணை ஏற்பாடு செய்தார்கள்.

நாத்தனார் கொதித்துவிட்டார். "அடி, யாருமே மறுபடி கேட்காத கேள்விக்கு யாருடி உன்னைப் பதில் சொல்லச் சொன்னது? இத்தனை வருஷம் என் தண்ணி, உன் கை. அது ஹராமா?"

"ஹராம்னு நான் சொல்லலையேக்கா. இல்லாததை இருக்குன்னு சொல்லிட்டேன், அதைத்தான் திருத்தினேன்."

"திருத்து, திருத்து! இனிமே உன் கைக்கு நான் தண்ணி ஊத்தினா என்னை ஏன்னு கேளு."

தெருவில் இறப்புச் செய்தி வந்தால் அக்காவின் கை தானாக மெஷினிலிருந்து இறங்கும். பிறகு நினைவு வந்து, மறுபடி துணியைப் பிடித்துக்கொள்ளும். கடையே போயிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது என்று ஒருநாள் கணவரிடம் சொன்னார். அன்று அவர் தட்டைத் தேடாமல் நேராகப் போய் அடுப்பைப் பற்றவைத்தார்.

மாமியார் தன் மகளான நாத்தனாரின் வீட்டில் படுக்கையில் இருந்தார். நாத்தனார் முகம் கொடுக்காவிட்டாலும் அக்கா தினமும் போய் மாமியாருக்குத் தலைவாரிவிட்டு, முதுகில் வந்திருந்த படுக்கைப்புண்ணைத் துடைத்து மருந்திட்டு வருவார். "நீ துடைச்சா மட்டும்தாம்மா எரியல" என்பார் மாமியார். நாத்தனார் சமையலறையில் பாத்திரத்தை உருட்டுவார்.

ஒரு முற்பகல், காலர் பிரித்துக்கொண்டிருந்தபோது கடை வாசலில் நிழல் விழுந்தது. நாத்தனார். செருப்புக்கூட இல்லாமல் வந்திருந்தார்.

"அம்மா போயிட்டாங்க."

அக்கா வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தினார்.

"புதுசா வந்தவளுக்கு அந்தப் புண் எங்கன்னு தெரியாது" என்றார் நாத்தனார். "எனக்கும் தெரியாது. நான் பார்த்ததே இல்ல." வாசல் நிலையில் கையை ஊன்றிக்கொண்டார். "வருவியா? உன் புத்தகத்துலதான் இல்லையே."

"இல்லதான். ஆனா ஒண்ணு இருக்குக்கா. உலகத்துல முதல்ல செத்தவனை என்ன பண்றதுன்னு அவன் அண்ணனுக்கே தெரியல. கொன்னவனும் அவன்தான். அல்லாஹ் ஒரு காக்காவை அனுப்பினான். அது மண்ணைக் கிளறிக் காட்டிச்சு. ஓதிக் காட்டல, எழுதிக் காட்டல, செஞ்சு காட்டிச்சு. அதைப் பார்த்துத்தான் மனுசன் கத்துக்கிட்டான். நானும் உங்களோட நின்னு பார்த்துத்தானே கத்துக்கிட்டேன். சட்டம்னு சொல்ல மாட்டேன். ஆனா விட மாட்டேன்."

நாத்தனார் மூக்கைச் சிந்தினார். "சுத்தி வளைச்சு என்னைக் காக்காங்கிறே?"

"நிறம் பொருந்துதே."

"வாயில ஊசியை மறுபடி வச்சுக்கோ. வா."

அறைக்குள் போனதும் அக்கா குவளையை எடுத்துக்கொண்டார். "என் கைக்கு ஊத்த மாட்டேன்னு சொன்னீங்க. நீங்க தேய்ங்க, நான் ஊத்துறேன்."

நாத்தனார் போர்வைக்குள் கை விட்டார். வலதுபக்கம் முதலில். அக்கா மணிக்கட்டில் சூடு பார்த்து ஊற்றினார். மறுபடி, மறுபடி. நாத்தனார் எண்ணிய கணக்குக்கு ஒரு குவளைகூடக் குறையவில்லை. முதுகுப்பக்கம் உடம்பைச் சாய்த்ததும் நாத்தனாரின் கை நின்றுவிட்டது.

"இன்னும் கொஞ்சம் கீழக்கா. மெதுவா. அழுத்த வேண்டாம்."

கை நகரவில்லை. "என்னால முடியலடி. அம்மாவுக்கு எரியும். நீ பாரு."

அக்கா குவளையைக் கீழே வைத்துவிட்டுப் போர்வைக்கு அடியில் கையைக் கொண்டுபோனார். பழகிய இடம். ஓரத்திலிருந்து உள்ளே, பூப்போலத் துடைத்தார். தண்ணீர் கேட்கவில்லை. கையின் மேல் வெதுவெதுப்பாகத் தண்ணீர் விழ ஆரம்பித்தது, எங்கே வேண்டுமோ அங்கே, எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு.

வெளியே தொழவைக்கக் காத்திருந்த ஹஜ்ரத் கேட்டார், "யாரும்மா குளிப்பாட்டினது?"

"மகளும் மருமகளும்" என்றார் நாத்தனார். ஹஜ்ரத் தொழுகைக்கு வரிசையை நேராக்கப் போனார்.

ஜமாஅத்து இன்றுவரை ஊசியக்காவை முறையாகத் திரும்ப அழைக்கவில்லை. இறந்தவரின் வீட்டுப் பெண்களே கேட்டால் போகிறார், கேட்காத வீட்டுக்குப் போவதில்லை. போகும்போது நாத்தனாரும் போகிறார். இருவரும் இன்னும் ஒத்துப்போகவில்லை. நாத்தனார் ஹதீஸைச் சொல்ல, அக்கா 'எங்கே இருக்கு' என்று கேட்க, வழி முழுக்க வாக்குவாதம். குளிப்பாட்டும் அறை வாசலில் அது நின்றுவிடும். அக்கா இப்போது காலையில் கடை திறந்ததும், முதல் வாடிக்கையாளர் வரும்வரை அந்தப் புத்தகத்தை மட்டும் படிக்கிறார். எந்த வசனத்தையும் தேடிப் படிப்பதில்லை.