பட்டனுக்குப் பை வைத்த சட்டை

அந்தத் தெருவில் தையல்காரருக்கு ‘நாளைக்கு’ என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் கடைப் பலகையில் பெரிய எழுத்தில் இருக்கத்தான் செய்தது. ஆனால் துணி கொடுத்தவர்கள் அவர் வாயிலிருந்து கேட்டதெல்லாம் இந்த ஒரு சொல்லைத்தான். சட்டை எப்போது கிடைக்கும் என்றால், நாளைக்கு. மறுநாள் போய் நின்றால், காஜா எடுப்பது மட்டும்தான் பாக்கி, நாளைக்கு. மனிதர் பொய்யர் இல்லை. சொல்லும் நேரத்தில் மனசாரத்தான் சொல்வார். எதிரே நிற்பவர் முகம் வாடிவிடக் கூடாதே என்ற இளகிய மனசு, அவ்வளவுதான். அந்த இளகிய மனசை நம்பிப் பழைய சட்டையோடு கல்யாணத்துக்குப் போனவர்கள் தெருவில் நிறையப் பேர்.

பட்டன் அவர் கடைக்கு வந்ததும் அப்படித்தான். ஒரு மழை நாளில் வெட்டுத்துணிப் பெட்டிக்குள் ஒரு நாய்க்குட்டி சுருண்டு கிடந்தது. நாளைக்குத் துரத்திவிடலாம் என்றார். அந்த நாளைக்கும் வரவில்லை, குட்டி வளர்ந்து பட்டன் என்று பெயரும் வாங்கிவிட்டது. அது, இது என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும் என்பதால் நாமும் ‘அவள்’ என்றே சொல்லிவிடுவோம். தையல் மெஷினுக்கு அடியில் படுத்து, அவருடைய இடது பாதத்தின் மேல் மோவாயை வைத்துக்கொண்டுதான் தூங்குவாள். அவர் மிதிக்க மிதிக்க அவள் தலையும் ஏறி இறங்கும். அதற்கெல்லாம் விழிக்கிற ரகம் இல்லை.

பட்டனுக்கு முதல் சீசன் வந்தபோது ஊரிலுள்ள ஆண் நாய்கள் அத்தனையும் கடை வாசலில் முகாம் போட்டன. துணி வாங்க வந்தவர்கள் எட்டிக் குதித்து உள்ளே வர வேண்டியிருந்தது. குதிக்க முடியாத டீச்சரம்மா ஒருவர் தெருவின் எதிர்ப்பக்கத்தில் நின்றபடியே பாவாடைக்கு அளவு சொன்னார், தெரு முழுக்க அவர் இடுப்பளவைத் தெரிந்துகொண்டது. அந்தக் கூத்து ஓய்ந்ததும் தையல்காரரின் மனைவி, காஜாவும் ஓர அடிப்பும் பார்த்துக்கொள்கிறவர், இன்னொரு தடவை இது நடந்தால் கடையை நாய்களுக்கே எழுதிக் கொடுத்துவிடலாம் என்றார். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துவிடுவதுதான் வழி. கால்நடை டாக்டரம்மா, சீசன் முடிந்து இரண்டு மாதம் போகட்டும் என்று சொல்லியிருந்தார். இரண்டு மாதம் போனது. தையல்காரர் என்ன சொன்னார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அவருக்குப் பயம். நாளெல்லாம் ஊசியோடு பிழைக்கிற மனிதர், ஊசி போடும் இடத்தைப் பார்த்தாலே வியர்த்துவிடுவார். ஆனால் பெரிய பயம் அதுவல்ல. பட்டன் அவரை நம்பி அவர் கையில் ஏறுவாள், அவரே அவளைத் தூக்கிக்கொண்டு போய்க் கத்திக்குக் கொடுக்க வேண்டும். பிழைத்து வந்தாலும் பிறகு அந்தக் காலில் தலை வைப்பாளா? வைக்காவிட்டால் தாங்க முடியாது என்று அவருக்குத் தெரியும். இதைப் பெண்டாட்டியிடம் சொல்லக் கூச்சம். அதனால் நூல் வரவில்லை, பெல்ட் அறுந்துவிட்டது என்று வாடிக்கையாளருக்குச் சொல்லும் சாக்குகளையே வீட்டிலும் சொல்லிப் பார்த்தார். அந்தச் சாக்குகளில் பாதியை அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே அந்த அம்மாள்தான். அவரே போனை எடுத்து ஆஸ்பத்திரியில் தேதி வாங்கிவிட்டார்.

முதல் நாள் இரவுக்குப் பிறகு சாப்பாடு கூடாது, வயிற்றில் ஏதாவது இருந்தால் மயக்க மருந்து கொடுக்கும்போது வாந்தி எடுத்து மூச்சுக்குழலில் போய்விடும் என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார். தையல்காரர் அதைப் பிடித்துக்கொண்டார். டீக்கடைக்காரர், பேப்பர் போடுகிறவர், பூட்டுக் கடைக்காரர் என்று ஒருவர் விடாமல் போய், பட்டனுக்கு ஒரு துணுக்குக் கூடப் போடக் கூடாது என்று மிரட்டிவிட்டு வந்தார். அதோடு விட்டாரா? வெள்ளைத் துணியில் ‘எனக்கு எதுவும் தராதீர்கள்’ என்று சிவப்பு நூலில் பூத்தையல் போட்டு அவள் கழுத்தில் கட்டினார். ஒரு ராத்திரியில் முடித்துவிட்டார். தெருவில் யாருக்கும் அவர் இவ்வளவு சீக்கிரம் எதையும் தைத்துக் கொடுத்ததில்லை.

காலையில் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார், இவள் ஏதாவது சாப்பிட்டாளா என்று. ஒரு தெருவையே காவல் காத்து வந்த பெருமையில் தையல்காரர் நெஞ்சை நிமிர்த்தி, பச்சைத் தண்ணீர் கூட இல்லை என்றார். சொல்லிக்கொண்டே பட்டனைத் தடவிக் கொடுத்தார். கை வழுக்கியது. பார்த்தால் இடது கை விரல்களில் வெண்ணெய்.

தினமும் காலையில் கடையைத் திறந்ததும் டீயும் வெண்ணெய் தடவிய பன்னும் வரும். பன்னைப் பிய்த்து வலது கையால் தன் வாயில் போட்டுக்கொள்வார், இடது கை பாட்டுக்கு மெஷினுக்கு அடியில் போகும். கண் பேப்பரில் இருக்கும். இன்றும் அப்படியே. ஊரையெல்லாம் மிரட்டியவர் தன் இடது கையை மிரட்ட மறந்துவிட்டார். பட்டனோ கழுத்தில் எழுத்தோடு பாதிப் பன்னை முழுங்கிவிட்டு, ஒன்றும் அறியாத முகத்தோடு மேஜைமேல் உட்கார்ந்திருந்தாள்.

மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது. சொல்லாமல் விட்டால் ஒருவருக்கும் தெரியாது. மனைவி பக்கத்தில் நிற்கிறார், அந்த வெட்கம் வேறு.

“டாக்டரம்மா, அவ சாப்பிட்டிருக்கா. நான்தான் குடுத்துட்டேன்.”

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். “இன்னிக்கு முடியாது. நாளைக்கு வாங்க.”

இருபது வருஷமாக மற்றவர்களுக்குச் சொல்லி வந்த சொல்லை அவருக்கு ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. திரும்பி வரும் வழி நெடுக அவர் மனைவி சிரித்தார். நடுவில் மூச்சு வாங்க நின்று, மறுபடி சிரித்தார். தையல்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வெண்ணெய் கண்ணில் படாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றே நினைத்துக்கொண்டு நடந்தார்.

மறுநாள் அவர் டீயும் குடிக்கவில்லை, பன்னும் வாங்கவில்லை. இடது கையைக் கால்சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு போனார். பட்டனை உள்ளே கொடுத்துவிட்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். கதவு மூடும்போது அவள் திரும்பி அவரையே பார்த்தாள். டாக்டரம்மா வெளியே வந்து எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொன்னபோது அவர் எழுந்து கும்பிட்டார், கண் நிறைந்துவிட்டது. பத்து நாளைக்கு ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, தையலை நக்கவே கூடாது என்றார் டாக்டரம்மா. நக்காமல் இருக்கக் கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் கூம்பையும் மாட்டிவிட்டார்.

கூம்பு கடைக்கு வந்து அரை நாள் கூடத் தாங்கவில்லை. மயக்கம் தெளிந்த பட்டன் மெஷின் காலில் இடித்தாள், மனைவியின் முழங்காலில் இடித்தாள், தண்ணீர்க் கிண்ணத்தைக் கூம்புக்குள்ளேயே கவிழ்த்துக்கொண்டாள். பிறகு தள்ளாடிப் போய் மனைவியின் நாற்காலிக்கு அடியில் படுத்தாள். தையல்காரர் கூப்பிட்டார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கூம்போடு திருப்பியதால் அந்த அலட்சியம் இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

“கோவமா இருக்கா. விடுங்க, சரியாயிடும்,” என்றார் மனைவி.

விட முடியவில்லை. அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். டேப்பை எடுத்து, அவள் தூங்கும்போது மெதுவாக மார்பளவும் இடுப்பளவும் எடுத்தார். கூம்புக்குப் பதிலாக வயிற்றை மூடி ஒரு சட்டை. கத்தரித்துத் தைத்துக் கொண்டுவந்து காட்டினால் கழுத்துப்பட்டி இருந்தது, இரண்டு கை இருந்தது. பின்னங்கால் எங்கே போகும் என்று மனைவி கேட்டார். ஆயுசு முழுக்க இரண்டு கை உள்ளவர்களுக்கே தைத்த மனிதர் திருதிருவென்று விழித்தார். பிரித்து மறுபடி தைத்தார். இந்தத் தடவை நாலு காலும் நுழைந்தது, வால் பக்கம் திறப்பு இருந்தது, முதுகில் பட்டன் வரிசை. பழக்க தோஷத்தில் மார்பில் ஒரு பையும் வைத்துவிட்டார். நீலக் கோடு போட்ட நல்ல துணி, பெட்டியில் கிடந்தது.

சட்டை கச்சிதமாக இருந்தது. பட்டன் தையலை நக்கவில்லை, எதிலும் இடிக்கவில்லை, கஞ்சியைக் கூட ஒழுங்காகக் குடித்தாள். ஆனால் நாற்காலிக்கு அடியை விட்டு வரவில்லை. தையல்காரர் இடது பாதத்தைச் சும்மா நீட்டி வைத்துக்கொண்டு வேலை பார்த்தார், அதாவது வேலை பார்க்கவில்லை. வாசலில் வந்து நின்றவர்களுக்கெல்லாம் நாளைக்கு என்றார். இப்போது அதைச் சொல்லும்போது குரலில் உயிரே இல்லை.

தையல் பிரிக்கும் நாளுக்கு முந்தின காலையில் அவர் பன்னைப் பிய்த்தார். இடது கை பாட்டுக்குக் கீழே போனது. காலி இடத்தில் கையை நீட்டிக்கொண்டிருக்கிறோமே என்று தோன்றி அவர் இழுத்துக்கொள்ளப் போன நேரத்தில், விரலில் ஈர மூக்கு ஒன்று பட்டது. பன் போயிற்று. ஒரு பெருமூச்சு கேட்டது. பாதத்தின் மேல் பழைய கனம் வந்து உட்கார்ந்தது.

அப்போது பார்த்து வாடிக்கையாளரான வங்கிக்காரர் ஒருவர் வந்தார். தைக்கக் கொடுத்த கால்சட்டைக்காக அவர் நடந்த நடையில் செருப்பே தேய்ந்திருந்தது. அன்றைக்கு அவர் போட்டிருந்ததும் இங்கே தைத்த சட்டைதான், நீலக் கோடு போட்டது. இரண்டு பை வேண்டும் என்று கேட்டிருந்தார். துணி பற்றாது என்று சொல்லி ஒரு பைதான் கிடைத்தது.

“கால்சட்டை என்னாச்சு?” என்று குனிந்தவர் மெஷினுக்கு அடியில் பார்த்தார். தன் துணி தூங்குவதைப் பார்த்தார். பையையும் பார்த்தார்.

தையல்காரர் வழக்கம்போல மெஷினை மிதித்திருக்கலாம், அவள் விழிக்க மாட்டாள். மிதிக்க மனசு வரவில்லை. கண்ணில் நீர் தளும்ப, முதல் தடவையாக ஒரு வாடிக்கையாளரிடம் அவர் உண்மையைச் சொன்னார்.

“பத்து நாளா எங்கிட்ட வரலை சார். இப்பதான் வந்து படுத்தா.”

வங்கிக்காரர் நிமிர்ந்து, சத்தம் வராமல் செருப்பை மாட்டிக்கொண்டார்.

“நாளைக்கு வரேன்,” என்றார் அவரே.